பால் பெட்டியில் ஒரு கொலை

ஒஸ்லோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், நான் போனில் சொன்னால் நம்புவதில்லை. ஈஸ்டர் லீவில் என்ன படித்தாய் என்று கேட்டிருந்தீர்கள். அது போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை.

மணியாச்சி ரயில்வே ஸ்டேஷனில் நைட் டூட்டி பார்த்தபோது டிராயரில் துப்பறியும் நாவல் ஒளித்து வைத்துப் படித்தீர்கள் என்று அம்மா இன்னமும் சொல்லிக் காட்டுகிறாளே, இங்கே நார்வேயில் ஒரு நாடே ஈஸ்டருக்கு அதைத்தான் செய்கிறது. 'போஸ்கெகிரிம்', அதாவது ஈஸ்டர் குற்றக்கதை என்று பேரே வைத்திருக்கிறார்கள். கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்க, ஜனங்கள் ஆரஞ்சுப் பழம், சாக்லேட், ஒரு கொலைக் கதை சகிதம் மலையில் இருக்கும் மரவீடுகளுக்குப் போய்விடுகிறார்கள். இதை ஆரம்பித்து வைத்ததும் ஒரு ரயில்தான்! 1923-இல் ஈஸ்டருக்கு முன்னால் ஆஃப்டன்போஸ்டன் பத்திரிகையின் முதல் பக்கத்தில் 'பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளை' என்று கொட்டை எழுத்தில் வர, பலர் நிஜமென்றே பதறிவிட்டார்களாம். பார்த்தால் அது ஒரு நாவலின் தலைப்பு, விளம்பரம். நீங்களாக இருந்தால் ரயில்வே கண்ட்ரோலுக்கே போன் போட்டிருப்பீர்கள்.

அந்தப் பெர்கன் ரயிலில்தான் நானும் தோழியின் மரவீட்டுக்குப் போனேன். கையில் ஆனே ஹோல்ட் எழுதிய '1222'. ஒஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் ரயில் பனிப்புயலில் ஃபின்சே பக்கம் தடம் புரண்டு, பயணிகள் அங்கே ஹோட்டலில் மாட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் கொலை. துப்பறிகிறவள் சக்கர நாற்காலியில் இருக்கும் முன்னாள் போலீஸ்காரி, சரியான சிடுமூஞ்சி. எழுதியவர் இந்நாட்டின் நீதித்துறை அமைச்சராகவே இருந்தவர். 1222 என்பது ஃபின்சே ஸ்டேஷனின் உயரம், மீட்டரில். "ஊட்டி ஸ்டேஷன் இதைவிட உசரம்" என்பீர்கள், தெரியும். ஆனால் ஏப்ரலிலும் பிளாட்பார்ம் ஓரத்தில் ஆளுயரத்துக்குப் பனி குவிந்திருந்தது, நான் பக்கத்தைத் திருப்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் கொஞ்சம் இழுவைதான். ஆனாலும் படியுங்கள், ஆங்கிலத்தில் இருக்கிறது, தம்பியிடம் சொன்னால் வாங்கித் தருவான்.

மரவீட்டில் குழாய் கிடையாது. ஒரு வாளி பனியை அடுப்பில் வைத்து உருக்கினால் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் தேறும். அது உருகுவதற்குள் தார்யேய் வேசோஸின் 'பனி மாளிகை'யில் ஒரு பக்கம், அகராதியோடு. 1963-இல் வந்தது. நான் வகுப்பில் கற்றது ஒரு எழுத்து வழக்கு, இவர் எழுதுவது இன்னொன்று, அதனால் ஆமை வேகம். பதினொரு வயதுச் சிறுமிகள் இரண்டு பேர், உறைந்துபோன ஓர் அருவி, அதைப் பார்க்க ஒருத்தி தனியாகப் போகிறாள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். படித்த அன்று ராத்திரி வெளியே கக்கூஸுக்குத் தனியாகப் போகவே பயமாக இருந்தது.

அங்கே அலமாரியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: நார்வே எழுத்தாளர் ஹாம்சுனின் 'நிலவளம்' நாவல், மூலம். உங்கள் டிரங்குப் பெட்டியில் க.நா.சு. மொழிபெயர்ப்பு இருக்கிறதே, அதேதான். ஆசையாகக் கையில் எடுத்தேன், தோழியின் பாட்டி முகத்தைச் சுளித்தார். ஹாம்சுன் 1920-இல் நோபல் வாங்கியவர், ஆனால் ஜெர்மன்காரர்கள் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது அவர்கள் பக்கம் நின்று, அந்த மெடலையே ஹிட்லரின் பிரசார மந்திரி கோயபல்ஸுக்குக் கொடுத்துவிட்டார். இதெல்லாம் தெரியாமலே நாம் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புங்கள், இப்போது மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே பால் அட்டைப்பெட்டியில் வரும், ஈஸ்டர் சமயத்தில் அந்தப் பெட்டியிலும் ஒரு குட்டிக் கொலைக் கதை, படக்கதையாக. ஒன்றைக் கத்தரித்து, கழுவிக் காயவைத்து இதோடு வைத்திருக்கிறேன். பாஷை தெரியாவிட்டால் என்ன, படத்தைப் பார்த்துக் கொலையாளி யாரென்று எழுதுங்கள். விடையை நான் வெட்டி வைத்துக்கொண்டேன்.

அன்புடன்,
உங்கள் மகள்