பல்கலைக்கழக வளாக இடங்களுக்கு முன்னோடிப் பெண்களின் பெயர்களைச் சூட்டக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியை மற்றும் முன்னாள் மாணவியர்,
பள்ளத்தூர், காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.
(பெயர்களும் கையொப்பங்களும் இணைப்பில்)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள அரங்குகள், ஆய்வகங்கள், படிப்பறைகள், சாலைகளுக்கு முன்னோடிப் பெண்களின் பெயர்களைச் சூட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு வணக்கம்.

நான் செட்டிநாட்டில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே 34 ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். நான் படித்த கல்லூரியில் ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒரு பெரியவர் பெயர் இருந்தது. எல்லாரும் கொடையாளர்கள், கல்வியாளர்கள். அந்தப் பெயர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பெண்ணைக் குறிக்கும் ஒரு சொல்லை அங்கே ஒரே ஒரு கதவில்தான் பார்த்தேன். 'மகளிர் ஓய்வறை' என்று எழுதியிருந்தது. மூன்று வருஷம் அந்தக் கதவைக் கடந்து வகுப்புக்குப் போயிருக்கிறேன். அப்போது அது உறைக்கவில்லை. பிறகு என் மாணவிகளைக் கல்லூரியில் சேர்க்க அழைத்துப் போனபோதுதான் உறைத்தது.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளைத் தாங்கள் பார்த்திருக்கலாம். வாசலில் இருக்கும் விலாசத்தில் ஆண்களின் தலைப்பெழுத்துகள்தான் வரிசையாக இருக்கும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஆண்கள் வருஷக்கணக்கில் திரும்பாதபோது, அந்தப் பெரிய வீட்டின் சாவிக்கொத்தையும் வரவு செலவையும் கையில் வைத்திருந்தவர்கள் ஆச்சிமார்கள். அவர்கள் பெயர் வாசலில் இல்லை. பள்ளத்தூரில் ஒரு மகளிர் கல்லூரிக்குச் சீதாலட்சுமி ஆச்சி பெயர் இருக்கிறது. அதைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் முகத்தில் வரும் பெருமையை நான் நேரில் கண்டவள். அந்தப் பெருமை பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளும் வேண்டும் என்றே கேட்கிறேன்.

காரைக்குடியில் உயர்கல்விக்கு விதை விழுந்ததே ஒரு பெண்மணியின் பெயரால் நடந்த கூட்டத்தில்தான். 1947-இல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், கல்லூரி தொடங்கக் கொடையாளர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டார். காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்று அழகப்பச் செட்டியார் அங்கேயே ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டே கல்லூரி வந்தது. 1985-இல் பல்கலைக்கழகமும் வந்தது.

யார் பெயரை வைப்பது என்று கேட்டால், வெகுதூரம் தேட வேண்டியதில்லை. சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் பாடியவை எட்டுப் பாடல்கள் கிடைத்திருக்கின்றன. எங்கள் மாவட்டத்து ஒக்கூரைத்தான் அவருடைய ஊர் என்று சொல்வார்கள். அந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவி, நூலகத்தின் படிப்பறை வாசலில் மாசாத்தியார் பெயரைப் பார்த்தால் எப்படி இருக்கும்! இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கவிஞர் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுவார்.

அப்புறம் மரகதவல்லி அம்மையார். கைம்பெண்ணுக்கு மறுமணம் என்ற பேச்சை எடுத்தாலே வீட்டுக் கதவைச் சாத்திய காலம் அது. 1930-களில், அதுவும் எங்கள் செட்டிநாட்டில் இருந்துகொண்டு, 'மாதர் மறுமணம்' என்ற பெயரிலேயே வந்த இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். 'குமரன்' இதழ் நடத்திய சொ. முருகப்பாவின் துணைவியார் என்று மட்டும் இங்கே சிலருக்குத் தெரியும். அந்த அளவில் அவரை விட்டுவிடக் கூடாது. இந்த மனுவில் ஒரே ஒரு பெயரைத்தான் ஏற்க முடியும் என்றால், அவர் பெயரையே கேட்பேன்.

ஒரு மணி நேரப் பயணத்தில் புதுக்கோட்டை. 1886-இல் அங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டிக்கு மன்னர் கல்லூரியில் இடம் கொடுக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் இடம் கொடுத்தார். முத்துலட்சுமி 1912-இல் மருத்துவரானார், 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தார், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள உயர்கல்வி உறுதித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 'அந்த அம்மா யாரு?' என்று கேட்டேன். நான்கு பேரில் ஒருத்திக்குக்கூடத் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் அவர் என்று யாரும் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்து, கிண்டியில் மின்பொறியியல் படித்து 1943-இல் முடித்த அ. லலிதாவின் பெயர் ஓர் ஆய்வகத்துக்குப் பொருந்தும். வேலு நாச்சியாரைச் சேர்க்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். அவரை இந்தச் சீமையில் அறியாதவர் இல்லை. அதிகம் அறியப்படாதவர்களை அறியச் செய்வதுதான் இந்த மனு.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்கள் விடுதிக்கும் தோட்டத்துக்கும் மட்டும் பெண் பெயர் வைத்துவிட்டு முடித்துவிடக் கூடாது. ஆண் பிள்ளைகளும் தினமும் போய்வரும் தேர்வு அரங்கு, கருத்தரங்கக் கூடம், ஆய்வகம், பிரதான சாலை இவற்றுக்கு வைக்க வேண்டும். 'மரகதவல்லி அரங்கில் பத்து மணிக்கு வகுப்பு' என்று ஒரு பையன் போனில் சொல்ல வேண்டும். பெயரை இரண்டு எழுத்தாகச் சுருக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஆகவே கால அட்டவணை, அழைப்பிதழ், சுற்றறிக்கை எல்லாவற்றிலும் முழுப் பெயர் வரட்டும். வாசலில் ஒரு பலகை, அதில் அவர் செய்த வேலையைப் பற்றி நான்கு வரி. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று அந்த வரிகள் தொடங்க வேண்டாம். சிலை கேட்கவில்லை, புதுக் கட்டடமும் கேட்கவில்லை.

பெயர் சூட்டுவது பல்கலைக்கழக ஆட்சிக்குழு முடிவு செய்ய வேண்டியது என்று அறிவோம். இப்போது எந்தெந்த இடத்துக்கு யார் பெயர் உள்ளது என்று ஒரு பட்டியல் எடுத்து, பெயர் இல்லாத இடங்களையும் இனி கட்டப்போகும் இடங்களையும் முதலில் கருதும்படி தங்கள் துறையிலிருந்து துணைவேந்தர் அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே உள்ள எவர் பெயரையும் எடுக்க வேண்டாம். பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மாணவ மாணவியரும் இருக்கட்டும். பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலகைகளுக்கான வரிகளை எழுதித் தர நானும் என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியைகளும் தயாராக இருக்கிறோம். அதற்கு ஊதியம் எதுவும் வேண்டாம். விளக்கம் தேவைப்பட்டால் சென்னைக்கும் வருகிறோம்.

இடம்: பள்ளத்தூர்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை மற்றும் முன்னாள் மாணவியர்

நகல்: துணைவேந்தர், அழகப்பா பல்கலைக்கழகம், காரைக்குடி, மாவட்ட ஆட்சியர், சிவகங்கை.