செயலாளர் ஆண்டறிக்கை: முதலில் கட்டை பொருந்தட்டும்

நம் துப்பாக்கி சுடும் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தருவார். செயலவைக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன.

இவ்வாண்டு என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "செயலாளரே, பம்ப் துப்பாக்கிக்கு என்ன வாங்கிப் போடலாம்?" குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் இந்த வகையில் நம்மில் பலரிடம் இருப்பது ரெமிங்டன் 870 அல்லது மோஸ்பெர்க் 500. இரண்டுக்கும் உதிரிப் பொருள்கள் ஏராளம். படத்தைப் பார்த்தால் எல்லாமே வேண்டும்போலத்தான் இருக்கும்.

சுபாங் சுடுதளத்தில் நடந்த பயிற்சியில் புது உறுப்பினர் ஒருவரின் தோள் கன்றிச் சிவந்திருந்தது. உயரம் ஐந்தடிக்குச் சற்று அதிகம். இரண்டாம் தோட்டா அடிக்கடி ஏறவில்லை. துப்பாக்கியில் கோளாறு என்றே நினைத்தார். குண்டு இல்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, அவர் முழங்கையை மடக்கச் சொல்லி, கட்டையின், அதாவது தோளில் அணைக்கும் பின்பகுதியின், அடியை அந்த மடிப்பில் வைத்தேன். விரல் நுனி விசையை எட்டவே இல்லை. இந்தத் துப்பாக்கிகளின் கட்டை பெரும்பாலும் 14 அங்குலம். அவரைவிட உயரமானவர்களுக்கு ஏற்ற அளவு. கை நீண்டு போய்விடுவதால் முன்கட்டையை அவரால் கடைசிவரை இழுக்க முடியவில்லை, அதனால்தான் தோட்டா ஏறவில்லை. குட்டைக் கட்டையும் அதன் அடியில் பொருத்தும் தடித்த ரப்பர் அட்டையும் மாற்றியபின் உதை குறைந்தது, குறியாகப் பறக்கவிடும் தட்டுகளும் உடைந்தன. அன்று அவர் முகத்தைப் பார்த்த எனக்கு இந்த ஆண்டின் வேலை முழுவதும் நிறைவாகிவிட்டது.

அடுத்தது சோக். குழல் முனையில் திருகும் இந்தக் குழாய்தான் தோட்டாவிலுள்ள சிறு மணிகளான சன்னங்கள் எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிக்கிறது. இறுக்கமான ஃபுல் சோக் 40 கஜத்தில் சன்னங்களில் சுமார் 70 விழுக்காட்டை 30 அங்குல வட்டத்துக்குள் வைக்கும். பக்கத்தில் பறக்கும் தட்டுக்கு அது இறுக்கம். அதைவிடத் தளர்வான இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக் போதும். ரெமிங்டன் சோக்கின் திருகு மோஸ்பெர்க்கில் பொருந்தாது. வாங்குமுன் குழலைப் பாருங்கள். குழல் நுனியில் குறிபார்க்க உதவும் வெள்ளை மணி மங்கியிருந்தால் அதை மாற்றுவதும் மலிவான, பயனுள்ள வேலை. கூடுதல் தோட்டாக் குழாய் வேண்டுமா என்று சிலர் கேட்டீர்கள். தட்டுச் சுடுதலில் இரண்டுக்கு மேல் போடுவதே இல்லை. எதற்கு அந்த எடை?

சட்டத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் உறுப்புப் பாகமும் ஆயுதத்தின் வரையறைக்குள் வருகிறது, சத்தம் குறைக்கும் பொருளும் அப்படித்தான். ஓர் உறுப்பினர் இணையத்தில் வாங்கிய பாகம் வரும் வழியிலேயே முடங்கியது; அவர் பட்ட அலைச்சலை நான் கூடவே இருந்து பார்த்தேன். ரப்பர் அட்டைதானே என்று நினைக்காமல், உரிமம் பெற்ற கடையில் கேட்டு, தேவையானால் உங்கள் மாவட்டப் போலீஸ் தலைமையகத்திலும் விசாரித்தபின் வாங்குங்கள். விசைப் பகுதியை வீட்டில் நோண்டவே வேண்டாம்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் அரைமணி நேரம் கட்டை அளவு பார்க்கச் செயலவை முடிவு செய்துள்ளது. அளவுக்கோலும் சில மாற்று அட்டைகளும் வாங்க இக்கூட்டத்தின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்