பாலக்கோடு வட்டத்தில் நிலத்தடி வெப்பத்தை அளந்து பார்க்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
தக்காளி விவசாயிகள் (64 பேர் கையெழுத்துடன்),
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: வறண்டு கிடக்கும் ஆழ்துளைக் கிணறுகளில் வெப்பநிலை அளக்கவும், புவிவெப்பத்தில் இயங்கும் தக்காளி உலர்களம் அமைக்க அரசுக்குப் பரிந்துரை செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற ஆண்டு ஆடியிலும் ஐப்பசியிலும், இந்த ஆண்டு தையிலும் கொடுத்த எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தக்காளி பயிரிட்டுப் பிழைக்கும் நாங்கள் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. இதற்கு முன் மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறோம். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. மின்சாரம் என்ற சொல் இருந்ததால் முதல் மனு ஓர் அலுவலகத்துக்குப் போனது. அவர்கள் இது தண்ணீர் விஷயம் என்றார்கள். தண்ணீரைப் பார்ப்பவர்கள் கனிமம் என்றார்கள். கனிமத்தைப் பார்ப்பவர்கள் விவசாயம் என்று திருப்பிவிட்டார்கள். பூமிக்கடியில் இருக்கும் சூடு யாருடைய கோப்பில் சேரும் என்று தீர்மானமாகாமலேயே மாதங்கள் ஓடிவிட்டன. ஆகவே தங்களிடமே வருகிறோம். 28 ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது இரண்டு ஏக்கரில் தக்காளி வைத்திருக்கும் நான் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

1. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கத்துத் தக்காளியைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ராயக்கோட்டைச் சாலையில் வரும்போது ஓரத்தில் கொட்டிக் கிடப்பதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள்.

2. அப்படிக் கொட்டுவது ஏன் என்ற கணக்கைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். மாசி மாதம் ஒருநாள் என் காட்டில் 40 கிரேடு (தக்காளிப் பெட்டி) பறித்தோம். மண்டியில் கிரேடு 40 ரூபாய்க்குப் போனது. மொத்தம் 1,600 ரூபாய். கமிஷன் 160, வண்டி வாடகை 600, பறித்த ஐந்து பெண்களுக்குக் கூலி 1,500. விதை, நாற்று, மருந்து, குச்சி, கயிறு எதையும் சேர்க்காமலே அன்றைக்குக் கையை விட்டுப் போனது 660 ரூபாய். மறுநாள் பறித்ததை நாங்கள் மண்டிக்கே கொண்டுபோகவில்லை. என் மனைவி ஒவ்வொரு கிரேடாக வரப்போரம் கவிழ்த்தாள். மாடு கொஞ்ச நேரம் தின்றது, பிறகு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஈயும் புளித்த வாடையும்தான். காலி கிரேடுகளைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது, அதற்கும் வண்டி வாடகை. ஐயா, விளையாமல் போனால் மழையைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். விளைந்ததைக் கையாலேயே கொட்டுகிறவள் எதைச் சொல்லித் தேற்றிக்கொள்வாள்?

3. உலர்த்தி விற்கலாமே என்று கேட்பார்கள். உலர்த்தினோம். ஆறு கிரேடை நாலாக வகிர்ந்து, உப்புத் தடவி, தார்ப்பாயில் பரப்பினோம். இரண்டு நாள் வெயில் நன்றாக அடித்தது. மூன்றாம் இரவு தூறல். விடிந்து பார்த்தால் வகிர்ந்த முகமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். 150 கிலோவும் குப்பை. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். இரவும் பகலும் விடாமல் 55 டிகிரி சூடு கிடைத்தால்தான் அது கெடாமல் உலரும். விறகில் அதைச் செய்தால் கட்டுபடியாகாது, கரண்டில் செய்தால் பில் கட்டி மாளாது, வெயிலோ இரவில் இல்லை.

4. நாங்கள் கேட்பது கற்பனை அல்ல. கிரீஸ் நாட்டின் நெயா கெசானியில் 2001இலேயே தக்காளியை நிலத்தடி வெந்நீரின் சூட்டில் உலர்த்தத் தொடங்கினார்கள். அந்தத் தண்ணீரின் சூடு சுமார் 60 டிகிரிதான். இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904இலேயே பூமியின் ஆவியில் பல்பு எரிந்தது. அலாஸ்காவின் சேனாவில் 2006 முதல் 74 டிகிரித் தண்ணீரிலிருந்தே மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் மின்சாரம் எடுக்க ஆவியைக் குளிர்விக்கவும் வேண்டும். அதற்கு அங்கே சில்லென்ற தண்ணீர் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அதனால் முதலில் சூடு போதும், மின்சாரம் பிறகு வரட்டும் என்கிறோம். நம் நாட்டிலும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் இதே சூட்டை எடுக்க 2021இல் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் செய்தது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு புவிவெப்பத்துக்கென்று தேசியக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. மின்சாரத்தோடு, விவசாயத்துக்கு நேரடியாகச் சூட்டைப் பயன்படுத்துவதும் அதில் இருக்கிறது. கொள்கை வந்துவிட்டது, அதைப் பாலக்கோட்டுக்குக் கொண்டுவர ஒரு கையெழுத்துத்தான் வரவில்லை.

5. பூகாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, இங்கே இல்லை. அதையும் மறைக்கவில்லை. ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு உலக சராசரியாக 25 முதல் 30 டிகிரி கூடும். நம்முடையது மிகப் பழைய கெட்டிப் பாறை, இங்கே குறைவாகவே கூடும். 15 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். மேலே 27 டிகிரி என்றால் மூன்று கிலோமீட்டரில் 72 வரும். தக்காளிக்கு அது தாராளம். அந்த ஆழத்துக்குத் துளைபோடக் கோடிகள் ஆகும் என்பதும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியால் அது ஆகாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் துளை போடுங்கள் என்று கேட்கவில்லை. முதலில் அளந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன! என் நிலத்திலேயே மூன்று: 850 அடி, 1,100 அடி, 1,240 அடி. மூன்றுக்கும் கடன் வாங்கினேன், மூன்றும் மோட்டாருக்கு உதவாமல் போயின. குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று மூடி போட்டு வைத்திருக்கிறேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. ஒரு கம்பி, அதன் முனையில் ஒரு வெப்பமானி, இறக்கிப் பார்க்க ஓர் ஆள். ஆழம் கூடக் கூடச் சூடு எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்தால், மூன்று கிலோமீட்டரில் எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். ஒருநாள் வேலை. இதற்கா மூன்று மனு?

6. ஆழத்துத் தண்ணீரை மேலே கொண்டுவந்தால் ஃபுளோரைடு கலக்குமே என்று அலுவலர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பல்லில் கறை படிந்த பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன், ஒகேனக்கல் குடிநீர் வந்ததன் அருமையும் அறிவேன். அந்தத் தண்ணீரை வெளியே விடவே கூடாது. குழாய்க்குள்ளேயே சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதே ஆழத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பாறையை அழுத்தத்தில் பிளக்கும் முறையும் ஊர்ப்பக்கம் வேண்டாம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006இல் அப்படிச் செய்து நிலம் அதிர்ந்து, திட்டத்தையே கைவிட்டார்கள்.

7. அளந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐயா, அளந்து பார்த்து இங்கே போதிய சூடு இல்லை என்று தெரிந்தால் அதையே எழுதிக் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். மறுபடி இந்த விஷயமாக வர மாட்டோம். இருக்கிறது என்று தெரிந்தால், தேசியக் கொள்கையின்கீழ் ஓர் ஆய்வுத் துளைக்கும் அதையொட்டி ஓர் உலர்களத்துக்கும் தமிழ்நாடு அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். எந்தப் பதிலும் இல்லாமல் ரசீதை மட்டும் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டிருக்க எங்களால் இனி முடியாது. அடுத்த நாற்று இப்போதே குழித்தட்டில் நிற்கிறது. அதை நட்டால் இன்னும் மூன்று மாதத்தில் மறுபடி பறிப்பு. அதற்குள் அந்த வெப்பமானியோடு ஓர் ஆளை அனுப்பிவையுங்கள். தேதி மட்டும் முன்கூட்டித் தெரிவித்தால் மூன்று கிணற்றின் மூடியையும் நானே திறந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாலக்கோடு வட்டத் தக்காளி விவசாயிகள்.

இணைப்பு: மூன்று மனு ரசீதுகளின் நகல், வறண்ட ஆழ்துளைக் கிணறுகளின் ஆழ விவரம், 64 கையெழுத்துகள்.