பிணைத்தொகையைத் திருப்பித் தரக் கோரும் புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு, சென்னை.

பொருள்: நேரோபோட் (ஒடுங்கிய நீளமான படகு) பயணத்தில் லாக் (நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) இயக்கப் பயிற்சி அளிக்காதது, பிணைத்தொகை ரூ.25,000-ஐப் பிடித்துக்கொண்டது – தொடர்பாக.

ஐயா,

கடந்த மே மாதம், இங்கிலாந்தின் கென்னட் ஆற்றில் நியூபரியிலிருந்து ரீடிங் வரை சுமார் 18 மைல் தூரம் நேரோபோட்டில் செல்வதற்குத் தங்கள் நிறுவனத்தின் வழியாக எங்கள் குடும்பத்தில் நால்வருக்குப் பதிவு செய்திருந்தேன். முன் அனுபவம் தேவையில்லை, படகை ஒப்படைக்கும்போது முழுப் பயிற்சி தரப்படும் என்று தங்கள் விளம்பரத் தாளில் இருந்ததை நம்பியே பணம் கட்டினேன். ஆனால் தங்கள் சார்பில் வந்த ஊழியர் கால் மணி நேரத்தில் கேஸ் அடுப்பையும் கழிப்பறைத் தொட்டியையும் தொலைக்காட்சி ரிமோட்டையும் காட்டிவிட்டு, லாக் எல்லாம் போகப் போகப் பழகிவிடும் என்று கூறிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். லாக்கில் நீரைத் திறந்துவிடவும் அடைக்கவும் உள்ள பாடில் என்ற அடைப்புப் பலகைகளைத் திருகி ஏற்றி இறக்கும் விண்ட்லாஸ் என்ற கைப்பிடியும் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார்.

இந்த ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாக்கும் பணி 1723-இல் முடிந்தது. மேல்பகுதிக்குச் சுவர் எழுப்பாமல் புல்சரிவாகவே விட்ட அக்காலத்து லாக்குகளில், தாட்சமுக்கு அருகிலுள்ள மங்கி மார்ஷும் தீலுக்கு அருகிலுள்ள கார்ஸ்டனும் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. இந்தப் பழமையைச் சொல்லித்தான் தாங்கள் பயணத்தை விற்றீர்கள். அத்தகைய லாக்கில் படகைக் கரையோடு ஒட்டி நிறுத்த இயலாது, அதைப் பிடித்து நிறுத்த நீளமான கயிறு வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மங்கி மார்ஷில் நீரை வடிக்கத் தொடங்கியபோது, கயிறு எட்டாததால் படகு பின்னோக்கி நகர்ந்து, மேல்கதவின் அடியில் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சில் என்ற திட்டின் மேல் அதன் பின்பகுதி ஏறி நின்றுவிட்டது. முன்பகுதி மட்டும் நீரோடு இறங்க, உள்ளே அமர்ந்திருந்த என் எழுபது வயதுத் தந்தையார் இருக்கையிலிருந்து சரிந்து விழுந்தார். கரையில் சென்ற ஒரு படகோட்டி கீழ்க்கதவுகளின் பாடில்களை உடனே மூடச் சொல்லிக் கத்தினார். இரு கதவுகளிலும் பாடில் திறந்திருக்க, இருந்த ஒரே விண்ட்லாஸால் ஒன்றை மூடிவிட்டு என் மனைவி சுற்றி ஓடி மறுபக்கத்தை மூட வேண்டியதாயிற்று. பின்னர் மேல்பாடில்களை மெல்லத் திறந்து நீரை நிரப்பிய பிறகே படகு மிதந்தது. படகின் நீளம் 57 அடிதான். முன்னால் தள்ளி நிறுத்த இடம் தாராளமாக இருந்தது. சில்லுக்கு முன்னால் நில்லுங்கள் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

வூல்ஹாம்ப்டனில் லாக்கை விட்டு வெளியே வந்ததும் குறுக்கு நீரோட்டம் படகை இழுக்கும் என்பதால், கீழ்நோக்கிச் செல்பவர்கள் அருகிலுள்ள சுழல் பாலத்தை முதலில் திறந்துவிட்டே கிளம்ப வேண்டும். இதையும் அதே படகோட்டிதான் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

படகு சில்லின் மேல் ஏறியதில் சுக்கான் வளைந்ததற்கு எங்கள் கவனக்குறைவே காரணம் எனக் கூறிப் பிணைத்தொகையைத் தாங்கள் பிடித்துக்கொண்டதை நான் ஏற்கவில்லை. பயிற்சி பெற்றதாக நான் இட்ட கையெழுத்தைத் தாங்கள் சான்றாகக் காட்டுகிறீர்கள். அந்தத் தாளில் லாக் என்ற சொல்லே இல்லை. அதன் நகலை இணைத்துள்ளேன். பிணைத்தொகை முழுவதையும், தந்தையாரின் மருத்துவச் செலவு ரூ.8,400-ஐயும் 30 நாட்களுக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்