இரண்டு வரித் திருத்தம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ரோமானியக் கவிதைக் கட்டுரையில் 'எலிஜி என்றால் சாவுக்குப் பாடும் இரங்கற்பா' என்று ஒரு வரி வருகிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ரோமில் எலிஜி என்பது யாப்பின் பெயர் என்று தாங்கள் அறியாததல்ல. ஆறு சீரில் ஓர் அடி, அடுத்தது ஐந்து சீரில். அந்தக் குறைந்த சீரைக் காதல் கடவுள் கியூபிட் சிரித்துக்கொண்டே திருடிவிட்டான் என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடுகிறார். திபுல்லஸ், புரொப்பெர்டியஸ் என்ற கவிஞர்களும் அந்த யாப்பில் பெரும்பாலும் காதலைத்தான் பாடினார்கள். வெண்பாவில் யாரோ இரங்கல் எழுதினார் என்பதற்காக வெண்பா என்றாலே இரங்கற்பா என்போமா?

சரி, சாவைத்தான் சொல்லவேண்டுமென்றால் அதே யாப்பில் ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸ் எழுதிய 101-ஆம் பாட்டை எடுத்திருக்கலாமே. பத்தே அடி. ட்ராய் பக்கம் இறந்து அங்கேயே அடக்கமான சகோதரனின் கல்லறைக்குக் கடல் கடந்து வந்து, பேசாத சாம்பலிடம் வீணாகப் பேசுகிறார்.

என் அண்ணன் மும்பையில் இறந்தபோது இரண்டு ரயில் மாறி நான் போய்ச் சேர்வதற்குள் தகனம் முடிந்துவிட்டது. சிவப்புத் துணியால் வாய் கட்டிய சிறு கலயத்தைக் கையில் கொடுத்தார்கள். இன்னும் சூடு இருந்தது. "அண்ணா, வந்துட்டேன்" என்று அதனிடம்தான் சொன்னேன். கட்டுல்லஸ் அந்தப் பத்து அடிக்குள் 'ஃப்ராட்டர்', சகோதரா, என்று மூன்று முறை கூப்பிடுகிறார். மூன்று முறையும் அந்த ஐந்து சீர் அடியில்தான். தொண்டை அடைக்கும் இடம் அது. யாப்பைத் தெரியாமல் இதை எப்படிப் படிப்பது?

முன்பும் இப்படித்தான். காதல் கவிதை எழுதியதற்காக மட்டுமே கி.பி. 8-இல் ஓவிட் கருங்கடல் ஓரத்துத் தோமிஸுக்குத் துரத்தப்பட்டதாக ஒரு துணுக்கு போட்டீர்கள். 'ஒரு கவிதையும் ஒரு பிழையும்' என்று அவரே இரண்டு காரணம் சொல்கிறாரே என்று எழுதினேன். என் கடிதம் வெளிவரவில்லை. கவிஞர் ஹொரேஸின் 'கார்பே தியெம்' என்ற லத்தீன் தொடர் உங்கள் பக்கத்தில் 'வாழ்வை அனுபவி' ஆனது. கனியைப் பறிப்பதுபோல் இன்றைய நாளைப் பறித்துக்கொள் என்றல்லவா அவர் சொன்னார்!

அப்புறம் அந்த மகளிர் சிறப்பிதழ். ரோமில் பெண் கவிஞரே இல்லை என்று அச்சிட்டீர்கள். திபுல்லஸ் பெயரிலுள்ள தொகுப்பின் மூன்றாம் நூலில் சுல்பிசியாவின் ஆறு சிறு பாட்டுகள் இருக்கின்றன. பிறந்தநாளும் அதுவுமாகக் காதலன் செரிந்தஸை விட்டுவிட்டு நாட்டுப்புறத்துக்குப் போகவேண்டியிருக்கிறதே என்று ஒன்றில் குமுறுகிறாள். அவளும் எலிஜி யாப்பில்தான் எழுதினாள். அங்கே யார் செத்தார்கள், ஐயா?

அடுத்த இதழில் எலிஜி பற்றி இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் கட்டுல்லஸின் அந்தப் பத்து அடியையும் தமிழில் வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி