ஹாலேயிலிருந்து பொறையாருக்கு

ஹாலே, ஜெர்மனி
நவம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் நால்வரும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே சாயந்திரம் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து டிராமில் வரும்போது நடுராத்திரி மாதிரி இருக்கிறது.

"பெரியவளுக்கு இன்னும் திடப்படுத்தல் ஆகலையா?" என்று போன வாரம் போனில் கேட்டீர்களே, அம்மா. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அதனால் மழுப்பிவிட்டேன். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவள் வளர்ந்து தன் விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்வதுதானே திடப்படுத்தல், அதற்கான வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த பெந்தெகொஸ்தே சமயத்தில் ஆராதனையில் வைத்துத் திடப்படுத்துவார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கோயிலே கிடையாது. அவர்கள் 14 வயதில் 'யூகெண்ட்வைஹே' என்று ஒன்று செய்துகொள்கிறார்கள். மேடை, பூச்செண்டு, புதுத்துணி, சொந்தக்காரர்கள் தரும் பணம் எல்லாம் உண்டு, ஜெபம் மட்டும் கிடையாது. கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் ஆட்சி 1950களில் திடப்படுத்தலுக்குப் பதிலாகப் பரப்பிய சடங்கு அது. ஆட்சி போய் முப்பத்தைந்து வருஷம் தாண்டியும் சடங்கு போகவில்லை. "எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள், நான் ஏன் இதைச் செய்யணும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இந்த நாட்டில் 14 வயதானால் எந்த மதத்தில் இருப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம். 1921லிருந்தே அப்படிச் சட்டம். வருகிற மார்ச்சில் அவளுக்கு 14. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் பயம்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பதிமூன்று வருஷம் என் கையில் இருந்த பிள்ளைக்கு நான் என்ன கொடுத்தேன்?

நான் வளரும்போது நீங்கள் மட்டுமா என்னை வளர்த்தீர்கள்? பெத்லகேம் கோயில் மணி வளர்த்தது, ஓய்வுநாள் பள்ளி டீச்சர் வளர்த்தார், கிறிஸ்துமஸுக்குப் பாடிக்கொண்டு வந்த பஜனைக் கூட்டம் வளர்த்தது. வசனம் சொல்லாமல் வந்தால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாகூட அதட்டுவார்கள். இங்கே அந்த ஊர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முப்பது பேர் வந்தால் அதிகம், அதிலும் பாதிக்கு மேல் வயசானவர்கள். நானும் இவரும் பிள்ளைகளைக் கோயிலில் கொண்டுபோய் விட்டால் போதும், மிச்சத்தைப் போதகர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, விசுவாசத்தில் வளர்ப்பீர்களா என்று போதகர் ஐயா எங்களிடம்தானே கேட்டார்? நாங்கள்தானே "வளர்ப்போம்" என்று சொன்னோம்?

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். தலைசீவிவிடும்போது தன் கதையைச் சொன்னார். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அவர் ஊரில் அந்த வருஷம் திடப்படுத்தல் எடுத்தது அவரையும் சேர்த்து இரண்டே பேராம். அதனால் மேல்படிப்புக்கு இடம் கொடுக்கவில்லையாம். "வருத்தமில்லையா?" என்று கேட்டேன். "ரொம்ப வருத்தப்பட்டேன். ஆனால் அம்மா ஒருநாள்கூட விடாமல் ராத்திரி என் கட்டிலில் உட்கார்ந்து என்னோடு ஜெபம் பண்ணுவாள். அதை எப்படி இல்லையென்று சொல்வது?" என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையிலேயே நால்வரும் உட்காருகிறோம். படிப்பது, சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தர் விசுவாசப் பாடங்களைக் கேள்வி பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசம்தான். நீங்கள் எனக்கு மனப்பாடம் செய்யச் சொன்ன அதே புத்தகம், இவர்களுக்கு ஜெர்மனில். அது எப்படி வந்தது என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். லூத்தர் சபைகளைப் பார்க்கப் போனபோது ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லையாம். அந்த வேதனையில்தான் 1529ல் எழுதினார். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார். நமக்கு அது பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஆகிவிட்டது, இல்லையா அம்மா?

போன வாரம் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடம். ஆகாரம் என்றால் சாப்பாடு மட்டுமில்லை, உடுப்பு, வீடு, நல்ல அயலகத்தார், நல்ல பருவநிலை எல்லாம்தான் என்று லூத்தர் அடுக்கிக்கொண்டே போகிறார். சின்னவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஒரே மழை. "இதுவுமா?" என்றான். பெரியவள் அவனுக்குச் சொன்னாள்: "பொறையாரில் மழை இல்லாவிட்டால் தாத்தா வயலுக்கு என்ன ஆகும்?" நான் எதுவும் சொல்லவில்லை. அவளே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், பாருங்கள். அப்புறம் ஜெபத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். 'பரமண்டலங்களிலிருக்கிற' என்ற சொல்லில் மூன்று தடவை தடுக்கி, நாலாவது தடவை சரியாகச் சொல்லிவிட்டாள்.

வேதத்தில் உபாகமப் புத்தகத்தில் "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்" பிள்ளைகளோடு பேசு என்று இருக்கிறதே, அதற்கு முந்தின வசனத்தை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. "உன் இருதயத்தில் இருக்கக்கடவது" என்று முதலில் பெற்றவர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறது. அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது இதனால்தான். இப்போது நானும் அவர்களோடு சேர்ந்து படிக்கிறேன்.

அக்டோபர் விடுமுறையில், ஃபிராங்கே என்ற போதகர் அந்தக் காலத்தில் அனாதை இல்லமும் பள்ளிகளும் தொடங்கிய ஃபிராங்கே நிறுவனத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். நீளமான பழைய கட்டடங்கள், எங்கள் டிராம் நிறுத்தத்திலிருந்து நாலு நிறுத்தம்தான். நம் பக்கத்துக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு இந்த ஊரில் படித்தவர். 1706ல் நம் ஊருக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில் இறங்கினார், மறு வருஷமே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். அவர் அங்கிருந்து எழுதிய கடிதங்களை இங்கேதான் அச்சிட்டார்கள். நம் ஊர்ப் பக்கத்துத் தமிழ் ஓலைச்சுவடிகள் இங்கே காப்பகத்தில் இருக்கின்றன என்று சொன்னதும் பெரியவள் அசந்துபோனாள். "அப்போ இது நம்மகிட்டேயிருந்து போனதா, இங்கேயிருந்து வந்ததா?" என்று வீடு வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மார்ச்சுக்குப் பிறகு அவள் என்ன முடிவு எடுத்தாலும் அதை மாற்றச் சொல்லி வற்புறுத்தமாட்டோம். இவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அதுவரைக்கும் மேஜையும் புத்தகமும் எங்கள் பொறுப்பு. நீங்கள் ஜெபத்தில் தாங்குங்கள்.

ஒரு உதவி, அம்மா. அப்பா பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கும் பழைய ஞானோபதேசப் புத்தகம் பீரோவில் இருக்கும். அதைத் தபாலில் அனுப்புங்கள், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அப்புறம், ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு நீங்கள் குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது இங்கே மதியம் மூன்றரை. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வையுங்கள். முதல் பாட்டை அப்பாவே எடுக்கட்டும், சின்னவனுக்கு அந்தக் குரல் பிடிக்கும்.

உங்கள் அன்பு மகள்