போரைப் போர் என்றே அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். நேட்டோ ராணுவக் கூட்டணி ரஷ்யாவின் வாசல் வரை வந்துவிட்டது, புதினுக்கு வேறு வழியில்லை, ரஷ்யர்களில் நூற்றுக்கு எண்பது பேர் அவர் பின்னால் நிற்கிறார்கள், மேற்கத்திய ஊடகங்கள் சொல்வதை நம்பி நாம் ஏமாறக் கூடாது என்பது அதன் சாரம். நன்றாகத்தான் எழுதியிருந்தார். எனக்கும் கோபப்படுகிற வயது போய்விட்டது. ஆனால் அதே இதழின் வெளிநாட்டுச் செய்தியில், உக்ரைன் போருக்கு ரஷ்ய அரசு வைத்த பெயரான ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்று, மேற்கோள் குறிகூட இல்லாமல், உங்கள் சொந்த வார்த்தை போல அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் 1984 முதல் 1990 வரை உக்ரைனின் கார்கிவில் பொறியியல் படித்தவன். அப்போது எல்லோருக்கும் அது, ரஷ்ய உச்சரிப்பில், ஹார்க்கவ். விடுதி அறையில் மூன்று பேர்: நான், உள்ளூர்ப் பையன் ஒருவன், ரஷ்யப் பக்கத்துப் பெல்கொரோத்திலிருந்து வந்த ஒருவன். அங்கிருந்து பெல்கொரோத் எண்பது கிலோமீட்டர்தான். சனிக்கிழமை மின்சார ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் அவன் வீடு. வழியில் எந்த இடத்தில் உக்ரைன் முடிந்து ரஷ்யா தொடங்குகிறது என்று ஒரு தடவைகூட நான் கவனித்ததில்லை. கவனிக்க அங்கே எதுவும் இல்லை. இருவரும் பேசியது ஒரே ரஷ்ய மொழி. இருவருடைய அம்மாக்களும் போட்ட வெள்ளரிக்காய் ஊறுகாய்க்குக்கூட எனக்கு வித்தியாசம் தெரியாது. (அவர்களுக்குத் தெரியும். அதற்காகச் சண்டையே போட்டிருக்கிறார்கள்.)

1986இல் கார்கிவ் மெட்ரோவில் ‘கெரோயிவ் பிராத்சி’ என்ற புது ஸ்டேஷன் திறந்தார்கள். உழைப்பின் நாயகர்கள் என்று பொருள். வேலை வெட்டி இல்லாமல் மூவரும் அங்கே போய் இறங்கி, பளபளப்பைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினோம். 2022 மார்ச்சில் கார்கிவ் நண்பன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். அதே ஸ்டேஷன். நடைமேடை முழுக்க மெத்தைகள், கம்பளிகள், ஒரு நாய்க்குட்டி, தூணில் சாய்ந்தபடி அவன் மனைவி. மேலே சால்திவ்கா குடியிருப்புகள் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. அவனுடைய அடுக்ககத்தில் ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தப் படத்தை அவன் பெல்கொரோத் நண்பனுக்கும் அனுப்பியிருக்கிறான். வந்த பதில்: ‘உங்கள் ஆட்கள் உங்கள் மேலேயே சுடுகிறார்கள். நம்மவர்கள் ராணுவ இலக்கை மட்டும்தான் அடிப்பார்கள்.’ ஏறக்குறைய நாற்பது வருஷ சிநேகிதம் அன்றோடு நின்றது. இப்போது இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரன்.

பெல்கொரோத்துக்காரன் கெட்டவன் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது மூன்று வாரம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன். அவனிடம் பேசும்போதெல்லாம் இரண்டு வாக்கியங்கள் வந்து விழும். ஒன்று, ‘நே வ்ஸ்யோ தாக் அத்னஸ்னாச்னா’. எதையும் அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்று அர்த்தம். இன்னொன்று, ‘எட்டு வருஷமாக எங்கே போயிருந்தீர்கள்?’ அதாவது 2014லிருந்து கிழக்கு உக்ரைனின் தொன்பாஸ் பகுதியில் நடந்த சண்டையில் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் சாகும்போது ஏன் வாய் திறக்கவில்லை என்று. வேறு பல ரஷ்யர்களிடம் பேசிய பிறகுதான் தெரிந்தது, இவை அவனுடைய வாக்கியங்களே இல்லை. எல்லோரிடமும் எழுத்து மாறாமல் இருக்கின்றன.

அந்த எட்டு வருஷக் கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்லலாம். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2014 ஏப்ரல் முதல் 2021 முடிவு வரை தொன்பாசில் குறைந்தது 3,404 பொதுமக்கள் இறந்ததாகக் கணக்கு வைத்திருக்கிறது. இரு தரப்புக் குண்டிலும் செத்தவர்கள், 2014இல் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானத்தில் மடிந்த 298 பேரையும் சேர்த்து. இதில் மிகப் பெரும் பங்கு முதல் இரண்டு ஆண்டுகளில். 2021 முழுவதற்கும் எண்ணிக்கை 25. இருபத்தைந்தும் உயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 25ஐக் காரணம் காட்டி 2022 பிப்ரவரி 24 விடியற்காலையில் கீவ், கார்கிவ், மரியுபோல் மீது படையை ஏவினார்கள். அந்த விமானத்தை வீழ்த்தியது ரஷ்ய ராணுவத்திலிருந்து வந்த பூக் ஏவுகணை என்பது நெதர்லாந்து நீதிமன்றத்தில் நிரூபணமாகி, 2022 நவம்பரில் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதையும் அன்பர் கவனிக்க வேண்டும்.

சரி, எண்பது சதவீதத்துக்கு வருகிறேன். படை நுழைந்து எட்டு நாள் கழித்து, மார்ச் 4ஆம் தேதி, ரஷ்யாவில் ஒரே நாளில் சட்டம் போட்டார்கள். ராணுவத்தை ‘இழிவுபடுத்தினால்’ முதல் தடவை 30,000 முதல் 50,000 ரூபிள் வரை அபராதம். ஒரு வருஷத்துக்குள் மறுபடி செய்தால் கிரிமினல் வழக்கு. ராணுவம் பற்றிப் ‘பொய்’ பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை. எது பொய் என்று எப்படி முடிவு செய்வார்கள்? பாதுகாப்பு அமைச்சகம் சொன்னதற்கு மாறாக இருந்தால் பொய். இப்படி ஒரு சட்டம் இருக்கும் ஊரில், முன்பின் தெரியாத ஒருவன் போன் செய்து ‘ராணுவ நடவடிக்கையை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டால் அன்பர் என்ன பதில் சொல்வார்? நான் ஆதரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

மாஸ்கோவில் அலெக்சேய் கோரினவ் என்று ஒரு வார்டு கவுன்சிலர். கவுன்சில் கூட்டத்தில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்துவது பற்றிப் பேச்சு. உக்ரைனில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது ஓவியப் போட்டி எப்படி நடத்துவது என்று கேட்டார். 2022 ஜூலையில் ஏழு ஆண்டு சிறை. துலா மாகாணத்தில் யெஃப்ரேமவ் என்ற சின்ன ஊரில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளியில் போருக்கு எதிராகப் படம் வரைந்தாள். பள்ளியிலிருந்து போலீசுக்குத் தகவல் போனது. பிறகு அவள் அப்பாவின் இணையப் பதிவுகளைத் தோண்டி எடுத்து, அவருக்கு இரண்டு ஆண்டு போட்டார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் சூப்பர் மார்க்கெட் விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரியுபோல் செய்திகளைச் செருகியதற்காக சாஷா ஸ்கொச்சிலென்கோ என்ற ஓவியக் கலைஞருக்கு ஏழு ஆண்டு. 2024 ஆகஸ்ட் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். போரைத் தீவிரமாக ஆதரித்துக்கொண்டே, நடத்துகிற விதம் சரியில்லை என்று புதினைத் திட்டிய இகோர் கிர்கினையும் விடவில்லை. அவருக்கு நாலு ஆண்டு. 2014இல் கிரீமியாவைப் பிடிக்கவும் தொன்பாசில் சண்டையை மூட்டவும் ஆரம்ப வேலைகளைச் செய்து கொடுத்தவரே அவர்தான்.

தியூமென் நகரக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பெண் தெருவில் சாக்பீசால் ‘வேண்டாம் வ***எ’ என்கிற மாதிரி எழுதினார். ரஷ்ய மொழியில் ‘போர் வேண்டாம்’ என்பதில் போர் என்ற சொல்லுக்கு ஐந்து எழுத்து. முதலும் கடைசியும் மட்டும் எழுதி நடுவில் மூன்று நட்சத்திரம். பிடித்துக்கொண்டு போனார்கள். நீதிமன்றத்தில் அவர், ‘நான் எழுத வந்தது போர் இல்லை, வோப்லா’ என்றார். வோப்லா என்பது காஸ்பியன் கடல் பக்கத்து மீன் கருவாடு. விடுதியில் பீர் குடிக்கும்போது நாங்கள் மேசையில் அடித்து அடித்து உரித்துத் தின்போம். அதற்கும் ஐந்து எழுத்து, முதலும் கடைசியும் அதேதான். தனக்கு அந்தக் கருவாடு பிடிக்காது என்று அவர் வாதாட, நீதிபதியும் வழக்கை முடித்துவிட்டார். நாடே சிரித்தது. பிறகு போலீஸ் மேல்முறையீட்டுக்குப் போய் வழக்கைத் திரும்ப உயிர்ப்பித்தது. அங்கே கருவாடு எடுபடவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, 2022 டிசம்பரில் செய்தியாளர்கள் முன்னால் புதினே ‘இந்தப் போரை முடிக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டார். பீட்டர்ஸ்பர்க் உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர், சட்டப்படி இவர் மேலும் நடவடிக்கை எடுங்கள் என்று புகார் எழுதினார். எழுதியவர் அதற்குள் நாட்டைவிட்டே போயிருந்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பொய்யில் பெரிய பொய் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதிகம் உறுத்துவது சின்னச் சின்ன வார்த்தைகள். கீவை விட்டுப் பின்வாங்கியபோதும் கருங்கடலில் உள்ள பாம்புத் தீவிலிருந்து கிளம்பியபோதும் ‘நல்லெண்ண நடவடிக்கை’. 2022 செப்டம்பரில் கார்கிவ் மாகாணத்திலிருந்து ஓடியது ‘படைகளை மறுசீரமைத்தல்’. ரஷ்ய ஊர்களில் ஏதாவது வெடித்தால் ‘வெடிப்பு’ என்று எழுதமாட்டார்கள்; ‘ஹ்லபோக்’ என்பார்கள், கைதட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு ‘பட்’ சத்தம். ரஷ்ய எழுத்தில் இந்தச் சொல்லும் பருத்தி என்ற சொல்லும் ஒன்றேதான், உச்சரிப்பில் அழுத்தம் மட்டும் மாறும். உஸ்பெகிஸ்தான் பருத்தி பற்றி மனப்பாடம் செய்தவனாதலால் முதல் தடவை அந்தத் தலைப்பைப் பார்த்தபோது, பெல்கொரோத்தில் எதற்குப் பருத்தி என்று ஒரு நிமிஷம் விழித்தேன்.

மேற்கத்தியர்கள் யோக்கியர்களா என்று அன்பர் கேட்பார். 2003இல் ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொன்னது பச்சைப் பொய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தப் படையெடுப்புக்கு முன்பே, பிப்ரவரி 15ஆம் தேதி, லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கானோர் இறங்கி, வேண்டாம் என்று கத்தினார்கள். உக்ரைனிலும் எல்லாம் ஒழுங்கு இல்லை. போர் தொடங்கியதிலிருந்து அங்கே முக்கியத் தொலைக்காட்சிகள் பல ஒரே செய்தியை ஒளிபரப்பி வந்திருக்கின்றன. என் கார்கிவ் நண்பன் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். ஜெலென்ஸ்கியைப் போனில் அவன் திட்டுகிற வார்த்தைகளை நீங்கள் அச்சிட முடியாது. 2025 ஜூலையில் ஊழல் தடுப்பு அமைப்புகளின் கையைக் கட்டிப் போட ஒரு சட்டம் வந்தபோது, இரவில் ஏவுகணை விழுகிற அதே கீவ் நகரத்தில் இளைஞர்கள் அட்டைப் பெட்டிகளைக் கிழித்து அதில் எழுதிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அந்த மாதம் 31ஆம் தேதியே நாடாளுமன்றம் அதைத் திருத்தி எழுதியது. ரஷ்யாவிலோ எழுத்தே இல்லாத வெற்று அட்டையைப் பிடித்து நின்றவர்களையும் வேனில் ஏற்றினார்கள்.

நம்மில் பலருக்கு ரஷ்யா என்றால் ஒரு பாசம் உண்டு. எனக்கும் உண்டு. மலிவு விலையில் வழவழ தாளில் வந்த சோவியத் புத்தகங்களைப் படித்துத்தான் அந்த நாட்டுக்கே போனேன். அந்தப் பாசத்தை அப்படியே புதினுக்கு எழுதிக் கொடுப்பவர்கள், படையெடுப்புக்கு மூன்று நாள் முன்பு, 2022 பிப்ரவரி 21 இரவு, அவர் தொலைக்காட்சியில் பேசியதைத் தேடிப் படிக்க வேண்டும். உக்ரைன் என்ற நாட்டையே உண்டாக்கியது போல்ஷெவிக்குகள், அதற்கு லெனின் பெயரையே வைக்கலாம், அவர்தான் அதன் சிற்பி என்று குற்றம்சாட்டிப் பேசினார். உண்மையான கம்யூனிச ஒழிப்பு என்றால் என்ன என்று காட்டத் தயார் என்றும் சொன்னார். வாசகர் கடிதம் எழுதிய அன்பர் தம்மை இடதுசாரி என்று அறிமுகப்படுத்திக்கொண்டதால் இதைச் சொல்கிறேன். ஸ்டாலின் காலத்தில் சுடப்பட்டவர்களின் பட்டியலை முப்பது வருஷத்துக்கு மேல் சேகரித்து வந்த ‘மெமோரியல்’ அமைப்பை மூட 2021 டிசம்பரில் உத்தரவிட்டதும் இந்த ஆட்சியின் நீதிமன்றம்தான்.

2023 ஏப்ரல் 20ஆம் தேதி இரவு பெல்கொரோத் நகரின் நடுவில் பெரிய குண்டு ஒன்று விழுந்தது. தெரு பிளந்து பள்ளம். ஒரு கார் பறந்து போய்க் கடைக் கூரையில் உட்கார்ந்தது. போட்டது உக்ரைன் இல்லை. ரஷ்ய சுகோய் விமானம், தவறுதலாக. பாதுகாப்பு அமைச்சகம் அதற்கு வைத்த பெயர், ‘விமான வெடிபொருளின் வழமைக்கு மாறான இறக்கம்’. நண்பனுக்குப் போன் செய்தேன். வீட்டில் எல்லோரும் நலம் என்றான். என்ன ஆச்சு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அப்புறம், ‘நெஷ்தாத்னி ஸ்ஹோத்’ என்று அமைச்சகத்தின் வார்த்தையையே, எழுத்துக்கூட்டுவது போல மெல்லச் சொன்னான். எட்டு வருஷக் கேள்வியை அன்று கேட்கவில்லை. அந்த டிசம்பர் 30ஆம் தேதி, உக்ரைன் தரப்புக் குண்டுவீச்சில் அதே நகரில் 25 பேர் செத்தார்கள். அன்று மட்டும் கார்கிவ் நண்பன் எனக்கு எழுதிக் கேட்டான்: ‘அவன் இருக்கிறானா?’ இருக்கிறான் என்றேன். சரி என்றான். உக்ரைன் மொழியில்தான் எழுதுகிறான் இப்போது. எனக்குப் பாதிதான் புரியும். மீதியை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பார்க்கிறேன்.

எனவே ஆசிரியர் அவர்களே, உங்கள் கருத்து எதுவானாலும் இருக்கட்டும். அன்பரின் கடிதத்தைப் போட்டது போல இனியும் போடுங்கள். ஆனால் செய்திப் பக்கத்தில் போரைப் போர் என்று அச்சிடுங்கள். உங்களுக்கு அதற்கு ஒரு ரூபிளும் செலவில்லை.

நண்பர்கள் இருவரின் பெயரையும் இதில் எழுதவில்லை. கார்கிவ்காரனிடம் கேட்டேன், தாராளமாகப் போடு, படமும் வேண்டுமா என்றான். பெல்கொரோத்துக்காரனிடம் கேட்கவில்லை. இப்படி ஒரு கடிதம் எழுதுகிறேன் என்பதையே போனில் அவனிடம் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்